முதுகுன்றத்துப் பொன்

கல்யாணத்துக்கு இடம் பார்ப்பது என்ற வேலையே நம் பாட்டன்மாருக்கு இருந்ததில்லை. பெண் வீடுதான் இடம். வாசலில் பந்தற்கால் நட்டுவிட்டால் தெருவே மண்டபம். அடுத்த வீடு சம்பந்திகளுக்கு ஜாகை, கொல்லைப்புறம் சமையற்கட்டு. எத்தனை பேர் உட்காரலாம் என்று யாரும் கேட்கவில்லை. தெருவின் நீளந்தான் பந்தியின் நீளம். தீர்மானிக்க வேண்டியது முகூர்த்த நாள் ஒன்றே.

இன்று பெண் சிங்கப்பூரில் இருக்கிறாள். பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். கல்யாணமோ பூர்வீக ஊரான விருத்தாசலத்தில். பழமலைநாதர் கோயிலிலோ, மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் சந்நிதியிலோ தாலி கட்டிவிட்டு, ஊருக்குள் ஒரு மண்டபத்தில் விருந்து வைக்க வேண்டும். மண்டபத்தை யார் பார்ப்பது? எதை நம்பிப் பணம் அனுப்புவது? இந்தக் கவலை நம் காலத்தில்தான் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு காரியம் நடத்துகிறவர்களுக்கான இரண்டு பாடங்கள் இந்த விருத்தாசலத்துச் சீமையிலேயே இருக்கின்றன. இரண்டும் சுந்தரமூர்த்தி நாயனாரின் சரித்திரத்தில் வருபவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரிவாகச் சொல்லியிருப்பவை.

முதல் பாடம் ஒரு கல்யாணப் பந்தலில் நடக்கிறது. பிள்ளை வீடு திருநாவலூர். பெண் வீடு புத்தூர். பிள்ளையின் தந்தை சடையனார் பெரியவர்களை அனுப்பிப் பெண் கேட்டார். பெண்ணின் தந்தை சடங்கவி சிவாசாரியார் இசைந்தார். நாள் குறித்து ஓலை போயிற்று. புத்தூரில் பந்தல் எழுந்தது. மாப்பிள்ளையும் குதிரை ஏறி வந்து இறங்கினார். ஒன்றிலும் குறை இல்லை.

அப்போது கிழவர் ஒருவர் கையில் ஓர் ஓலையோடு பந்தலுக்குள் வந்தார். மாப்பிள்ளையின் பாட்டனார் தம் வம்சத்தையே அடிமையாக எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை கோபங்கொண்டு ஓலையைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார். கிழவர் கலங்கவில்லை. கிழிந்தது படி ஓலைதான். மூல ஓலை அவரிடம் பத்திரமாக இருந்தது! வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துச் சபையார் கிழவருக்கே தீர்ப்புக் கூறினார்கள். படி, மூலம், சாட்சி, ஒப்பீடு என்று சோழர் காலத்து ஆவண வழக்கம் முழுவதையும் சேக்கிழார் இந்த ஒரு கதையில் காட்டிவிடுகிறார்.

வந்த கிழவர் சிவபெருமான். தமிழுக்குச் சுந்தரர் கிடைத்தார். சந்தோஷந்தான். ஆனால் அந்தப் பெண்? அவளுக்குச் சேக்கிழார் ஒரு பெயர்கூடச் சொல்லவில்லை. அவனையே நினைத்திருந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று முடித்துவிடுகிறார். ஊருக்கோ மணம் தவிர்ந்த புத்தூர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. யார் வீட்டு ஓலை யார் கண்ணில் படாமல் போனாலும், கடைசியில் பந்தலில் நிற்பவள் பெண்தான். கல்யாண ஏற்பாட்டில் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே எழுத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

தூரத்தையும் கல்யாணத்தையும் சேர்த்துச் சமாளித்தவர்களில் கெட்டிக்காரர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்றார்கள். கல்யாணத்தை மட்டும் சொந்த ஊர் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகவில்லை. முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக அவர்கள் கட்டிய வீடுகள், பெரிய கல்யாணங்களையும் தாங்கும் மண்டபங்களாகவே இருந்தன. அதோடு கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்று ஓர் ஒப்பந்தமும் எழுதிக்கொண்டார்கள். இடம் சொந்தம், பேச்சு எழுத்தில். பிறகு கடல் என்ன செய்யும்?

மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. 1879-ல் காலணாவுக்குத் தபால் கார்டு வந்தது. 1880-ல் தபாலாபீஸ் மணியார்டர் அனுப்பத் தொடங்கியது. விருத்தாசலம் விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் கடலூருக்கும் வண்டி பிரியும் ரயில் சந்திப்பாயிற்று. பிள்ளைகள் உத்தியோகம் தேடி ரயில் ஏறினார்கள். வீடுகள் சிறுத்தன, தெருவில் வண்டிகள் பெருகின, பந்தலுக்கு இடம் இல்லாமல் போயிற்று. அப்படித்தான் சத்திரமும், அதற்குப் பின் வாடகை மண்டபமும் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தன. கல்யாண வீட்டுக்கு வாழ்த்துச் சுமந்த தந்தி 2013-ல் நின்றுபோயிற்று. இப்போது கைபேசியில் படம் பார்த்தே மண்டபத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

படத்தை நம்பலாமா? இந்த ஊர்ப் பீங்கான் தொழிலாளியைக் கேளுங்கள். ஈர மண்ணில் செய்த கோப்பையின் அளவு வேறு, சூளையில் வெந்து வெளிவரும் கோப்பையின் அளவு வேறு, மண் சுருங்கும். அதைக் கணக்கிட்டு அச்சையே சற்றுப் பெரிதாகச் செய்வது அவர்கள் தொழில். படத்தில் ஆயிரம் பேர் அமரும் கூடமும் நேரில் சுருங்கக்கூடியதுதான்.

இரண்டாவது பாடம் இங்கேதான் வருகிறது. விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். அங்கே சுந்தரருக்கு இறைவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல்! ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்ற பேச்சு இதை ஒட்டித்தான்.

கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன் சுந்தரர் அதில் ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். மாதிரிக்காக வெட்டும் இந்தத் துண்டுக்கு மச்சம் என்று பெயர். திருவாரூரில் பரவையார் பார்த்திருக்கக் குளத்தில் தேடினார். பொன் உடனே கிடைக்கவில்லை. பாடிய பிறகு வந்தது. வந்ததை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது! மறுபடியும் பாடிச் சரியான மாற்றைப் பெற்ற பிறகுதான் வீட்டுக்கு எடுத்துப் போனார். கொடுத்தவர் கடவுள், அதிலும் தோழர். அப்படியும் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டார். அதனால் தோழமைக்கு ஒரு குறையும் வரவில்லை.

தூரத்திலிருந்து கல்யாணம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான். ஊரில் நம்பிக்கையான ஒருவரை அனுப்பிக் கூடத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு பந்திக்கு எத்தனை இலை, மண்டபம் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, மின்சாரமும் ஜெனரேட்டர் டீசலும் துப்புரவும் வாடகைக்குள் அடக்கமா, தேதி தள்ளிப்போனால் முன்பணம் திரும்புமா என்பதை எழுதி வாங்குங்கள். கோயிலில் தாலி கட்டுவதானால் வயதுச் சான்றும் மற்றச் சான்றுகளும் என்னென்ன வேண்டும் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதின் படி உங்களிடம் வந்தாலும் மூலம் ஊரில் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக் கேட்டால் மண்டபத்துக்காரர் மனம் வருந்துவாரே என்று சிலர் தயங்குகிறார்கள். கொளஞ்சியப்பரிடம் குறையைச் சொல்லுகிறவர்கள்கூட அதைக் காகிதத்தில் பிராதாக எழுதித்தான் சந்நிதியில் கட்டுகிறார்கள். தெய்வம் வருந்துவதாகத் தெரியவில்லை. மண்டபத்துக்காரரும் வருந்தமாட்டார்.