ஜிலேபி கெண்டை வளராமல் பெருகுவது ஏன்? கலப்பின மீனில் ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்யும் புரதம்!

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் பண்ணைக்குட்டை வெட்டியவர்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் தண்ணீர் கோடையில் வற்றிவிடும். அந்தச் சில மாதத்துக்குள் மீன் எடை கூடியாக வேண்டும்.

ஆனால் 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை, அதாவது மொசாம்பிக் திலாப்பியா, சில மாதத்திலேயே சினைப்பட்டுவிடும். முட்டையையும் குஞ்சையும் தாய் மீன் வாயிலேயே வைத்துக் காக்கும். அதுவரை சரியாக இரை எடுக்காது. கடைசியில் குட்டை முழுக்கப் பொடி மீன்தான்.

கலப்பினம் எப்படி உதவும்?

1960-ல் மலாக்காவில் ஹிக்லிங் என்ற ஆய்வாளர், மொசாம்பிக் பெண் மீனோடு ஹார்னோரம் என்ற வேறொரு திலாப்பியா இனத்தின் ஆணைச் சேர்த்தார். பிறந்த குஞ்சுகள் எல்லாமே ஆண்! முட்டை போடும் செலவு இல்லாததால் ஆண் திலாப்பியா வேகமாக வளரும். அதே இனங்களில் ஆணையும் பெண்ணையும் மாற்றிச் சேர்த்தால் பெண் குஞ்சும் வந்துவிடும். தாய் யார், தகப்பன் யார் என்பது அவ்வளவு முக்கியம்.

புரதத்துக்கு இதில் என்ன வேலை?

பொரித்த புதிதில் குஞ்சின் இனப்பெருக்க உறுப்பு இரண்டு பக்கமும் போகலாம். அரோமடேஸ் என்ற நொதிப் புரதம் ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றினால் சினைப்பை உருவாகும். ஃபாக்ஸ்எல்2 என்ற புரதம் அரோமடேஸைத் தூண்டும், டிஎம்ஆர்டி1 அடக்கும். நைல் திலாப்பியாவில் இது நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் தண்ணீர் 35 டிகிரிக்கு மேல் இருந்தால் அரோமடேஸ் குறைந்து, ஆண் மீன் கூடும். நம்மூர் வெயில் போதுமேனு நினைக்க வேண்டாம். பொரித்த முதல் சில வாரத்தோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும்.

பருவத்துக்கு வருவது அடுத்த கட்டம். மூளை சைகை கொடுத்ததும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் என்ற புரத ஹார்மோன்களை விடும். முட்டைக் கருவுக்கான வைட்டெல்லோஜெனின் புரதத்தைக் கல்லீரல் செய்து அனுப்பும். 1957 ஜூலை 10-ல் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டை மீனை முட்டையிட வைத்தது இதே வழியில்தான்.

கலப்பினம்னா மலடா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோவேறு கழுதை மாதிரி எல்லாக் கலப்பும் மலடாகாது. திலாப்பியா கலப்பினமும், கட்லா-ரோகு கலப்பினமும் இனப்பெருக்கம் செய்யும். மழையில் குட்டை உடைந்து கண்மாய்க்குப் போனால் அங்குள்ள மீனோடு சேரும். தாய் மீன்களில் கலப்படம் இருந்தாலோ, பெண் குஞ்சும் வந்து பழைய கதைதான்.

இன்னொன்று: கடைகளில் பேசப்படும் கிஃப்ட் திலாப்பியா கலப்பினம் இல்லை, தேர்ந்தெடுத்து மேம்படுத்திய நைல் திலாப்பியா. அதன் ஆண் குஞ்சுகள் பெரும்பாலும் பொரிப்பகத்தில் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து உருவாக்கப்படுபவை. வளர்க்க மீன்வளத்துறையின் அனுமதி வேண்டும். குஞ்சு வாங்கும்போது ‘கலப்பினமா, கிஃப்ட்டா, எல்லாமே ஆணா’ என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.