செவி கேளாச் சிறுவரும் சித்திரக் கல்வியும்

நம் சங்கக் கட்டிடத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் மாலையில், காலனிப் பெண்மணிகள் நால்வர் காது கேளாத குழந்தைகள் எழுவருக்குத் தையலும் களிமண் வேலையும் சித்திரமும் கற்பித்து வருவதை அன்பர்கள் அறிவார்கள். அக்குழந்தைகளுள் ஒருத்தி என் மகள். சென்ற பொதுக்குழுவில் பெரியவர் ஒருவர் எழுந்து, "எழுத்தும் கணக்கும் சொல்லித் தராமல் பொம்மை செய்யச் சொல்லித் தருவதால் என்ன பயன்?" என்று வினவினார். கேள்வியில் வன்மம் இல்லை. ஆயினும் விடை கூற எனக்கு நா எழவில்லை. அதன் பின்னர் நூல் நிலையத்தில் தேடிப் படித்ததில் கண்ட வரலாறு ஒன்றை, ஆண்டு மலரில் எழுதத் துணிந்தேன்.

1848-ல் கலிபோர்னியாவில் பொன் அகப்பட்டது. அது கேட்டு நாற்றிசையினின்றும் மக்கள் சான்பிரான்சிஸ்கோ நகரில் வந்து குவிந்தனர். சாராயக் கடைகளும் சூதாட்ட விடுதிகளும் பெருகின. காது கேளாத பிள்ளைகளை எண்ணிப் பார்க்க எவருக்கு நேரம் இருந்தது? 1860-ல் அந்நகரத்துப் பெண்மணிகள் சிலர் கூடித் தமக்குள் ஒரு சங்கம் அமைத்தனர். வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, மே மாதத்தில் மூன்றே மாணவர்களுடன் பள்ளியைத் தொடங்கினர். அரசாங்கத்தின் உதவியும் பெரிய கட்டிடமும் பின்னரே வந்தன. 1869-ல் அப்பள்ளி பெர்க்லி என்னும் ஊருக்கு மாறிற்று.

வாடகை வீட்டில் சேர்ந்த முதல் மாணவன் தியோபிலஸ் டெஸ்ட்ரெல்லா. 1851-ல் பிறந்தவன், பிறவியிலேயே செவி கேளாதவன், ஐந்து வயதில் தாயை இழந்தவன். மொழி என ஒன்றும் அறியாதிருந்த அந்நாட்களில் தன் மனத்தில் ஓடிய எண்ணங்களை அவர் பிற்காலத்தில் எழுதி வைத்தார். மலைகளுக்கு அப்பால் மறைந்திருக்கும் வலிமை மிக்க ஒருவன் நெருப்புப் பந்தை விண்ணில் எறிகிறான், அதுவே ஞாயிறு. அவனது புகைக்குழாயிலிருந்து எழும் புகையே மேகம். வில்லியம் ஜேம்ஸ் என்னும் தத்துவப் பேரறிஞர் 1892-ல் இக்குறிப்புகளை வெளியிட்டு, சொல் பிறக்கும் முன்னரே சிந்தனை பிறக்கிறது என்பதற்குச் சான்றாகக் காட்டினார். பேச்சு இல்லையேல் அறிவும் இல்லை என்று நம்மவருள்ளும் பலர் எண்ணுவதுண்டு. என் வீட்டிற்கு வந்த உறவினர் சிலர் அதனை என் மகள் எதிரிலேயே கூறியதும் உண்டு.

டெஸ்ட்ரெல்லா வளர்ந்து ஓவியம் பயின்று, தாம் படித்த பள்ளியிலேயே சித்திர ஆசிரியர் ஆனார். புகைப்படக் கலையிலும் வல்லவர். இரவு வேளைகளில் மாயவிளக்குப் படங்களைத் திரையில் காட்டிக் கைமொழியால் கதை சொல்வார். மாணவர் அவரை மாயவிளக்குக்காரர் என்றே அழைத்தனர். 1929-ல் மறையும்வரை அப்பள்ளியே அவரது உலகம்.

இடையில் 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, கைமொழியை விலக்கி வாய்ப்பேச்சாலேயே கற்பித்தல் வேண்டும் என்று தீர்மானித்தது. ஐரோப்பாவில் காது கேளாத ஆசிரியர் பலர் வேலை இழந்தனர். அத்தீர்மானத்திற்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை, நூற்று முப்பது ஆண்டுகள் பிடித்தன. நல்ல வேளை, பெர்க்லிப் பள்ளி கைமொழியைக் கைவிடவில்லை.

1879-ல் அங்குச் சேர்ந்த சிறுவன் கிரான்வில் ரெட்மண்ட். இரண்டரை வயதில் கண்ட விஷக் காய்ச்சலால் செவிப்புலன் இழந்தவன். டெஸ்ட்ரெல்லாவிடம் சித்திரமும் ஊமைக்கூத்தும் பயின்றான். பள்ளியின் பொருளுதவியால் 1893-ல் பாரிஸ் சென்றான். பொன்னிறப் பாப்பி மலர்கள் பூத்த கலிபோர்னிய வெளிகளைத் தீட்டிப் புகழ் பெற்றான். பேசாப் படங்களின் மன்னரான சார்லி சாப்ளின் அவரிடம் கைமொழி கற்றார்; தம் படப்பிடிப்பு நிலையத்திலேயே ஓவியக் கூடம் ஒன்றும் கொடுத்தார். 1931-ல் வெளிவந்த 'சிட்டி லைட்ஸ்' படத்தின் தொடக்கத்தில் ஒரு சிலையைத் திறந்து வைப்பார்கள் அல்லவா? அங்கே சிற்பியாக நிற்பவர் ரெட்மண்ட்தான். அப்படத்தை எத்தனையோ முறை பார்த்தும் எனக்கு இது தெரியாது.

அப்பள்ளியின் மற்றொரு மாணவர் டக்ளஸ் டில்டன் என்னும் சிற்பி. அவர் வடித்த தொழிலாளர் நினைவுச் சின்னம் 1901-ல் சான்பிரான்சிஸ்கோவில் திறக்கப்பட்டது. இரும்புத் தகட்டில் துளையிடும் பெரும் பொறியைத் தசைகள் முறுக்கேற இயக்கும் ஐந்து தொழிலாளர். இரும்பு ஆலையும் ரயில் பாதையும் கண்ட பீட்டர் டொனஹ்யூ என்பாரின் நினைவாக எழுந்தது; ரயில்வே ஊழியனாகிய எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. 1906-ன் பெரும் பூகம்பத்தில் சுற்றியிருந்தவை இடிந்து எரிந்தன, சிலை நின்றது. டில்டனின் 'கரடி வேட்டை' என்னும் வெண்கலச் சிலையோ பள்ளியின் வளாகத்திலேயே இருந்து, 1980-ல் பள்ளி பிரிமாண்ட் நகருக்குப் பெயர்ந்தபோது உடன் சென்றது.

எல்லாரும் ரெட்மண்டும் டில்டனும் ஆகிவிடவில்லை. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தும் மரவேலை செய்தும் பிழைத்தவர்கள் அமெரிக்கக் காது கேளாதோருள் பலர். நம் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் 1890-களில் தொடங்கிய பள்ளியும் கைத்தொழிலைச் சேர்த்தே கற்பித்தது.

ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. கைத்தொழில் போதும் என்று ஏட்டுக் கல்வியைக் குறுக்கிவிட்ட பள்ளிகளும் உலகில் உண்டு. டெஸ்ட்ரெல்லா தூரிகையோடு எழுதுகோலையும் விடாதவர்; அவர் எழுத்து இருந்ததாலன்றோ ஞாயிறும் புகைக்குழாயும் நமக்குத் தெரிய வந்தன! ஆகையால் பெரியவர் கேட்டதில் பாதி நியாயம் என்றே இப்போது எண்ணுகிறேன். என் மகள் பள்ளியில் இந்தி எழுதுகிறாள். அவள் பாட்டியின் கடிதத்தைத் தானே படிக்க இயலவில்லை.

பெரியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சனிக்கிழமை வகுப்பில் அரைமணி நேரம் தமிழெழுத்துக் கற்பிக்க வரலாகுமா என்று அவரையே கேட்டு எழுதியிருக்கிறேன். மலர் அச்சுக்குப் போகும் இந்நாள்வரை விடை வரவில்லை.