மெல்லும் இலைக்குப் புகை என்று பெயர்

காரைக்கால் பெட்டிக்கடையில் “சீவல், புகையிலை” என்று கேட்பவர் எதையும் பற்றவைக்கப் போவதில்லை. வெற்றிலையோடு சேர்த்து மெல்லத்தான் கேட்கிறார். ஆனாலும் சொல்லில் புகை இருக்கிறது.

போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பயிர் இது. அவர்கள் தபாக்கோ என்றார்கள். வடக்கே அது தமாக்கு ஆயிற்று. தெற்கத்தி மொழிகள் அந்தப் பெயரை வாங்காமல் சொந்தமாகவே கட்டிக்கொண்டன. தெலுங்கில் பொகாகு, கன்னடத்தில் ஹொகெசொப்பு, கடல் தாண்டிச் சிங்களத்தில் தும்கொள. எல்லாமே புகையும் இலையும் சேர்ந்தவை. முதலில் கண்டவர்கள் புகைப்பதைக் கண்டிருக்க வேண்டும், வெற்றிலைப் பெட்டிக்குள் அது பிறகுதான் புகுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

காரைக்கால் நெல் மண். அதற்குத் தெற்கே வேதாரண்யத்து மணலில் மெல்லும் புகையிலை விளைந்தது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணம். அங்கே விளைந்தது திருவிதாங்கூருக்குப் போய், மலையாளத்தில் ‘ஜாப்பாணம் புகையில’ என்றே பேர் வாங்கியது.

அதை விளைவித்த வீடுகளின் பாடு இந்தப் பெயருக்குள் இல்லை. அந்நாளில் யாழ்ப்பாணத் தோட்டத்தில் ஒருவர் கிணற்றுத் துலா மிதிக்க, இன்னொருவர் இறைபட்டையைக் கவிழ்க்க, வாய்க்காலில் தண்ணீர் ஓடும். பூங்கொழுந்தைக் கிள்ளினால் இலை தடிக்கும், காரமும் ஏறும். கிள்ளியதும் பக்கக் குருத்து வெடிக்கும். அதையும் ஓயாமல் ஒடிக்க வேண்டும். பிள்ளைகளும் இறங்கிப் புழு பொறுக்குவார்கள். பனி ஈரத்தோடு இலையைத் தொட்டால் நிக்கோட்டின் தோல் வழியாகவே ஏறும். தலை சுற்றும், வாந்தி வரும். மென்றவருக்கு வரும் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். குருத்து ஒடித்த கைகளைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுவது எனக்கு ஆறாத வருத்தம்.

வெட்டிய இலை உடனே விலைக்குப் போகாது. வாட்டி, குடிலில் தொங்கவிட்டு, தேங்காய் மட்டை எரித்துப் புகையூட்டி, அடுக்கிப் பாரம் வைத்துப் புழுங்க விடுவார்கள். இதுதான் பாடம் செய்வது. தோல் பதனிடுவோருக்கும் இதே சொல். பதம் தவறினால் பூஞ்சை பிடித்து, அந்தப் பட்டத்தின் உழைப்பே போய்விடும். மெல்லும் இலைக்குள்ளும் உண்மையாகவே புகை ஏறியது அந்தக் குடிலில்தான்.

காரைக்கால் வயலுக்குள்ளோ புகையிலை என்ற சொல் புழுவாக வந்து சேர்ந்தது. உளுந்தையும் பருத்தியையும் அரிக்கும் ஒரு புழுவுக்குப் புகையிலை வெட்டுப்புழு என்றே பெயர். அதற்காகத்தான் வரப்போரம் ஆமணக்கு விதைக்கச் சொல்கிறார்கள்: தாய் அந்துப்பூச்சி முட்டையிட ஆமணக்கை விரும்பித் தேடிவரும். முட்டைக் குவியல் தெரிந்த இலையைக் கிள்ளி அழித்துவிடலாம்.