உப்பு போன வழி

பாலாற்றங்கரையைக் கெடுத்தது குரோமியம் என்றுதான் இன்றும் பேச்சு. கெடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் மாதிரி எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன் நான். அந்தக் கிணறுகளை முதலில் கொன்றது உப்பு. நாம் குழம்பில் போடும் அதே உப்பு.

தோல் இங்கே பழைய தொழில். வெள்ளைக்காரன் காலத்திலேயே சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்கு அரைப்பதத் தோல் கப்பலேறியது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய சாற்றில் தோல் வாரக்கணக்கில் கிடக்கும். 1970களில் மத்திய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டு, முழுக்க முடித்த தோலை அனுப்பச் சொன்னது. அதன் பிறகுதான் குரோமியம் கொண்டு பதனிடும் குரோம் முறை பரவியது. வாரக்கணக்கில் நடந்த பதனிடல் ஒரே நாளில் சுழலும் டிரம்முக்குள் முடிந்தது. வேகம் கூடியதும் தோலின் வரத்து கூடியது. தோலோடு உப்பும் வந்தது.

உரித்த தோல் அழுகாமலிருக்க நூறு கிலோவுக்குச் சுமார் 40 கிலோ உப்பு தடவுவார்கள். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் முதல் வேலை, தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி விடுவது. கழுவிய நீர் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் ஆற்று மணலுக்கும் போயிற்று. வெயிலில் வற்றட்டும் என்று பாத்தி கட்டித் தேக்கிய இடங்களிலும் ஒரு பகுதி நீர் கீழே இறங்கியது. பாலாற்றில் வெள்ளம் வருவது அரிது. ஆறு ஓடுவதெல்லாம் மணலுக்கு அடியில், அதுவும் மிக மெதுவாக. அள்ளிக்கொண்டு போக வெள்ளமில்லாத ஆற்றில் கொட்டியது கொட்டிய இடத்திலேயே கீழே இறங்கும்.

மண்ணுக்குள் எல்லாக் கழிவும் ஒரே மாதிரி நடப்பதில்லை. களிமண் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடும் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் அதுவும் போகும். பதனிடும் குரோமியமோ மூன்று இணைதிறன் கொண்டது. மண்ணில் ஒட்டி, வண்டலோடு வண்டலாக வாய்க்கால் அடியிலேயே தங்கிவிடும். அதனால்தான் எங்கள் கிணறுகளில் பலவற்றில் உப்பு தலைக்கு மேல் ஏறியிருந்தபோதும் குரோமியம் அதிகம் அகப்படவில்லை.

ராணிப்பேட்டைக் கதை வேறு. 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவை வெட்டவெளியில் விட்டுப் போனது. அதிலிருந்து கசிவது ஆறு இணைதிறன் குரோமியம். குரோமேட்டாகக் கரைந்து, உப்பைப் போலவே தண்ணீரோடு நடக்கும், புற்றுநோயும் தரக்கூடியது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அங்கே நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சளாகவே இருந்தது. ஒவ்வொரு மழையும் அந்தக் குவியலில் இறங்கிக் கீழே போகிறது.

ஆம்பூருக்கு அருகே ஒரு பெரியவரின் கிணறு நினைவிலிருக்கிறது. வாளியில் மொண்ட நீரில் உப்பை அளக்கும் மீட்டரை வைத்தேன். அளவு அப்படியொன்றும் மோசமில்லை. "மேல்தண்ணிய மொண்டா என்னா சார் தெரியும்? அடித்தண்ணிய எடுத்துப் பாரு" என்றார். கல் கட்டிய பாட்டிலை இறக்கி, அடியில் போனதும் மூடியில் கட்டியிருந்த தனிக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தேன். மேலே வந்த நீரில் மீட்டர் முள் கடைசிவரை போய் நின்றது. உப்புநீர் கனமானது, அடியில் தங்கும். மோட்டாரின் குழாய் இருப்பதும் அடியில்தான். பம்பு ஓட ஓடக் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் சரிந்து, பக்கத்து ஏரியில் தேங்கிய கழிவுநீர் அந்தச் சரிவில் கிணற்றை நோக்கி வரும். வயலைக் காப்பாற்ற அவர் ஓட்டிய பம்பே உப்பை இழுத்து வந்தது. இதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

உப்பின் இன்னொரு பாதியான சோடியமோ, குளோரைடைப் போல முழுவதும் ஓடிவிடாது; ஒரு பகுதி மண்ணிலேயே தங்கும். களிமண்ணிலிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். மண்ணின் கட்டுக்கோப்பு குலைந்து, நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு. மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. களர் பூத்த அந்த நிலங்களில் தென்னை குரும்பையிலேயே உதிர்த்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஆலைக் கழிவை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதை அது பதிவு செய்தது. 2001இல் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் ஈடு குறிக்கப்பட்டது. வகுத்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணற்றைத் தூர்வாரவும் போதாத காசு. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது.

இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீரைப் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நல்ல காரியம். ஆனால் நீரை எடுத்தபின் எஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை; மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் சேர்கிறது. அந்தக் கொட்டகைகளின் தரை, கூரை இரண்டையும் ஒவ்வொரு மழைக்கு முன்னும் யாராவது பார்க்க வேண்டும். சுற்றிலுமுள்ள கிணறுகளின் உப்பளவு மாதாமாதம் ஊராட்சி அலுவலகச் சுவரில், ஊரார் படிக்கும்படி எழுதப்பட வேண்டும்.