சோறு போடும் முன் ஒரு கேள்வி



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் பேசினார். "ஐயா, ஏழைப் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி என்று பணத்தைக் கொட்டுகிறார்களே, அதற்கு நேரே சோறு போட்டுவிடலாமே?" என்றார். நியாயமான கேள்விதான். நம் மாநில வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன்.

1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. அதற்குப் பிறகும் பல திட்டங்கள் வந்தன. ஆனாலும் குழந்தைகளின் மெலிவு தீரவில்லை. காரணம் என்ன?

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி நிறுவனம் பணம் கொடுக்க, 'தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு' நடந்தது. 1973-இல் அறிக்கை வந்தது. மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகள், அதாவது மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் என்று தெரிந்தது. திட்டங்களின் உணவோ பெரும்பாலும் அதைவிட மூத்த பிள்ளைகளுக்கே போய்க்கொண்டிருந்தது.

இதை வைத்துத்தான் 1980-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்' தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் செய்து பார்த்தார்கள். பிறகே மற்ற ஒன்றியங்களுக்குப் போனார்கள். 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட வேண்டும். எடை சரியாக ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். தாய்க்கும் பக்குவம் சொல்லித் தருவார்கள்.

நான் முதலில் வேலை பார்த்த கிராமத்திலும் அப்படி ஒரு மையம் இருந்தது. வேப்பமரத்தில் தராசைத் தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். "பிள்ளையை நிறுத்துப் பார்த்தால் கண்ணு பட்டுடும்" என்று சில தாய்மார்கள் ஒளிந்துகொள்வார்கள். 'சோறு போடுவதை விட்டுவிட்டு எடை போட்டுக்கொண்டு இருக்கிறார்களே' என்று நானும் அலுத்துக்கொண்டது உண்டு.

அந்த எண்ணத்தை மாற்றியவன் என் ஒன்றாம் வகுப்பில் இருந்த ஒரு பையன். ஐந்து வயது முடிந்தும் மூன்று வயதுப் பிள்ளை போல இருப்பான். 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவை வயிறாரச் சாப்பிடுவான். ஆனால் வளர்த்தியில் கடைசிவரை மற்ற பிள்ளைகளை எட்டவில்லை. அவனுக்குச் சோறு வந்தது, மூன்று வருடம் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்தைத்தான் ஆய்வு கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது.

அதற்காக எல்லா ஆராய்ச்சியும் உசத்தி என்று சொல்ல மாட்டேன். அலமாரியில் தூங்கும் அறிக்கைகளும் உண்டு. இந்த அறிக்கை எடைத் தராசாகவும் உருண்டையாகவும் ஊருக்குள் வந்தது. இன்றும் அங்கன்வாடியில் குழந்தைகளை எடை போடுகிறார்கள். உங்கள் வீட்டுக் குழந்தையை அங்கே கூட்டிப்போகும்போது எடை அட்டையை வாங்கிப் பாருங்கள். கோடு மேலே ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

உங்கள் ஊர் மையத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்