கொங்வாவின் களிமண்

போரில் மிஞ்சிய டாங்கிகளைக்கூட டிராக்டராக மாற்றிக்கொண்டு, 1947ல் பிரிட்டிஷ்காரர்கள் டாங்கனிகாவின் கொங்வாவில் நிலக்கடலை போட இறங்கினார்கள். மொத்தத் திட்டத்தின் இலக்கு 30 லட்சம் ஏக்கருக்கும் மேல். ஆய்வுக் குழு ஒன்பதே வாரங்களில் சரி சொல்லிவிட்டது. (டெமோவில் ஓடியதை நேராக புரொடக்‌ஷனில் ஏற்றி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். எனக்குச் சிரிப்பு வரல.) அங்கே மாடு மேய்த்த கோகோ மக்களிடம் கேட்டிருக்கலாம்.

களிமண் பொலபொலவென்று இருந்தால்தான் அதன் துளைகளில் மழை இறங்கித் தங்கும். கொங்வா மண் காய்ந்தால் தானாகவே இறுகுகிற ரகம். புதரை வழித்தெடுத்து, அதன் மேல் கனரக வண்டிகளையும் ஓட்டினால் இருக்கிற துளையும் நசுங்கும். பெய்த மழை மேலாகவே ஓடிவிடும். வெயிலில் தரை சிமெண்டாகிவிடும். பூத்த செடியின் விழுது மண்ணுக்குள் போனால்தானே கடலை? பிடித்த கடலையையும் பிடுங்க முடியவில்லை. மழையும் பொய்த்தது. 1951ல் கைவிட்டபோது கணக்கில் தள்ளுபடியானது 3 கோடியே 60 லட்சம் பவுண்டு. விதைக்கு வாங்கின அளவுக்குக்கூட கடலை தேறலைன்னு சொல்வாங்க.