நல்ல கைடு அமையணும்

பி.எச்டி. சேரப்போகும் பிள்ளைகளைப் பார்த்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது, "நல்ல கைடு அமையணும்ப்பா" என்பதுதான். ஏதோ வரன் அமைவதைப் போல! ஆனால் அந்தப் பயம் நியாயமானது. ஐந்து வருடம் ஒருவரிடம் வேலை பார்க்க வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் கிடையாது.

உயிரியல் துறையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் புதிய மாணவர் வந்தவுடன் யாரிடமும் நிரந்தரமாகச் சேர்வதில்லை. சில வாரங்கள் ஒரு லேப், பிறகு இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. இதற்கு 'லேப் ரொட்டேஷன்' என்று பெயர். முதல் வருடக் கடைசியில் மாணவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பேராசிரியரும் சம்மதிக்க வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பி.எச்டி.யிலும் இந்த வழக்கம் உண்டு.

இந்தத் தேர்வு எவ்வளவு பெரியது என்பதற்கு ஜேம்ஸ் வாட்சனின் கதையைச் சொல்லலாம். 1947-இல், 19 வயதில், அவர் இண்டியானா பல்கலைக்கழகம் போனார். அங்கே இருந்த பெரிய பெயர் ஹெர்மன் முல்லர். எக்ஸ் கதிர்கள் பழ ஈயின் மரபுப் பண்புகளை மாற்றும் என்று காட்டி, 1946-இல் நோபல் பரிசு வாங்கியவர். யாராக இருந்தாலும் அவரிடம்தான் சேர்ந்திருப்பார்கள். வாட்சனோ முல்லரின் வகுப்பில் உட்கார்ந்தார். மற்றவர்களின் வகுப்புகளிலும் உட்கார்ந்தார். பழ ஈயின் நல்ல காலம் முடிந்துவிட்டது என்று அவருக்குப் பட்டது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்துகொண்டிருந்த சால்வடோர் லூரியா என்ற இத்தாலியரிடம் சேர்ந்தார். 1950-இல் பட்டம். லூரியாதான் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தார். 1953-இல் கேம்பிரிட்ஜில் கிரிக்குடன் சேர்ந்து டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், சிஷ்யனுக்கு நோபல் 1962-இல், குருவுக்கு 1969-இல்தான்!

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இன்னும் துணிச்சல்காரர். 1976-இல் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு, சான் டியேகோவில் மறுபடி உயிரியல் மாணவராகச் சேர்ந்தார். இரண்டு வருடம் கற்றுக்கொண்டு, இரண்டாவது பட்டத்துக்குக் காத்திராமல், யேலில் பீட்டர் மூரின் லேபுக்குப் போய்விட்டார். அங்கே பிடித்துக்கொண்ட ரைபோசோம்தான் 2009-இல் நோபல் பெற்றுத் தந்தது.

ரொட்டேஷன் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சோதனை நன்றாக வரும் நாளில் எல்லாக் கைடும் நல்லவர்தான். வராத நாளில் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். மூத்த மாணவர்கள் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள், முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். அவரும் உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார். அந்த லேப் பிடிக்கவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஏற்பாடே அதற்காகத்தான்.